ஒரே நாள், இரண்டு நினைவுகள்: புனித நாட்டின் அமைதியும் நம் மரக்காணம் கரையும்

ஒவ்வோர் ஆண்டும் பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நிற்கும் நாம், கையில் இருப்பதைக் காணிக்கையாகப் போடுகிறோம். அந்தக் காணிக்கை நம் பங்குக்கு உரியதல்ல. புனித நாட்டின் திருத்தலங்களுக்கும், அங்கே வாழும் கிறிஸ்தவ மக்களின் தேவைகளுக்கும் அது அனுப்பப்படுகிறது. 1974-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் இந்தக் காணிக்கையை உலகத் திருஅவை முழுவதற்குமாக ஒழுங்குபடுத்தினார். மரக்காணத்தின் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரிய ஒருவரின் பத்து ரூபாயும் இப்படி எருசலேம் வரை போகிறது.

பணம் போகும் அந்த நாட்டை நாம் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறோம்? ஞாயிறு பொது மன்றாட்டில் புனித நாட்டின் அமைதிக்காக வேண்டுகிறோம். திருப்பலி முடிந்து வெளியே வந்தவுடன், கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "இவர்கள் பக்கம்தான் நியாயம்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். சிலருக்கு இஸ்ரயேல் என்றாலே விவிலிய இஸ்ரயேல். அதைக் குறை சொல்வது கடவுளைக் குறை சொல்வது போல. வேறு சிலருக்கு இது கிறிஸ்தவருக்குத் தொடர்பில்லாத யூத, இஸ்லாமியச் சண்டை. இரண்டு பார்வையுமே உண்மைக்கு வெகு தொலைவில் இருக்கின்றன.

இந்த மோதலைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு திறவுகோல் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. அதை முதலில் கையில் எடுத்துக்கொண்டு, பிறகு புனித நாட்டுக்குச் செல்வோம்.

2013 ஏப்ரல் 25

அன்று சித்திரை முழுநிலவு. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கமும் பாட்டாளி மக்கள் கட்சியும் இளைஞர் பெருவிழா நடத்தின. பல மாவட்டங்களிலிருந்து வாகனங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்றன. மரக்காணத்தில், விழாவுக்குச் சென்றவர்களுக்கும் அங்கு வாழும் தலித் மக்களுக்கும் இடையே மோதல் மூண்டது. கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. பேருந்துகள் கொளுத்தப்பட்டன. விழாவுக்குச் சென்றவர்களில் இருவர் உயிரிழந்தார்கள். அவர்கள் இறந்தது எப்படி என்பதிலேயே பின்னர் பெரும் சர்ச்சை எழுந்தது. அடுத்த பல நாட்கள் வட மாவட்டங்கள் பதற்றத்தில் இருந்தன.

அந்த நாளைப் பற்றி இன்று ஒரு தெருவில் கேட்டால் எரிந்த கூரையைப் பற்றிச் சொல்வார்கள்; சாம்பலில் போன குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் பற்றிச் சொல்வார்கள். இன்னொரு தெருவில் கேட்டால் விழாவுக்குப் போய் வீடு திரும்பாத இருவரைப் பற்றிச் சொல்வார்கள். நாளும் ஒன்று, சாலையும் ஒன்று. நினைவுகள் மட்டும் இரண்டு. ஒரு நினைவில் வாழ்பவர் மற்றதைக் கேட்க விரும்புவதில்லை.

இந்த நினைவுகள் 2013-இல் தொடங்கியவையும் அல்ல. தலித் மக்களின் நெஞ்சில் 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டது இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது இருக்கிறது. வன்னிய மக்களின் நெஞ்சில் 1987 செப்டம்பர் இடஒதுக்கீட்டுப் போராட்டம் இருக்கிறது. அப்போது உயிரிழந்த 21 பேரை அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அந்தப் போராட்டத்தின் பின்தான், 1989-இல், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. இரு சாராருமே உழைக்கும் மக்கள். இரு சாராரும் தங்கள் காயத்தை முழுமையாக அறிவார்கள். அடுத்தவர் காயத்தை மட்டும் அறிய மாட்டார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரு நினைவுகளையும் கேட்க வேண்டும் என்பதற்கு இரு தரப்பின் நிலையும் சமம் என்று பொருள் ஆகாது. தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவரின் நிலையும், ஊருக்குள் இருப்பவரின் நிலையும் ஒன்றல்ல. கண்ணீர் எல்லாருக்கும் உப்புக் கரிக்கும். ஆனால் அநீதியின் சுமை எல்லார் தோளிலும் ஒரே எடையில் இருப்பதில்லை. இதை மனதில் கொண்டு, இப்போது புனித நாட்டைப் பார்ப்போம்.

1948 மே 14: விடுதலையா, பேரழிவா?

முதல் உலகப் போருக்கு முன் பாலஸ்தீனம் துருக்கிய ஒட்டோமான் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே பெரும்பான்மையினர் அரபு மொழி பேசும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும். சிறுபான்மையாக யூதரும் வாழ்ந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில் துன்புறுத்தப்பட்ட யூதர்கள் தங்கள் முன்னோரின் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற சியோனிச இயக்கம் வளர்ந்தது. 1917 நவம்பர் 2 அன்று பிரித்தானிய அரசு, பால்ஃபர் அறிக்கை மூலம், பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தாயகம் அமைய ஆதரவு தருவதாக அறிவித்தது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த அரபு மக்களிடம் அது குறித்து யாரும் கேட்கவில்லை. போருக்குப் பின் பாலஸ்தீனம் பிரித்தானிய ஆட்சிக்குள் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் நாசிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். தப்பியவர்களுக்குப் பல நாடுகள் கதவைத் திறக்கவில்லை. எங்களுக்கென்று ஒரு நாடு இல்லாவிட்டால் எங்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்ற முடிவுக்கு அந்த மக்கள் வந்ததில் வியப்பில்லை.

1947 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாலஸ்தீனத்தை யூத நாடாகவும் அரபு நாடாகவும் பிரித்து, எருசலேமைப் பன்னாட்டுப் பொறுப்பில் வைக்கும் திட்டத்தை ஏற்றது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான யூதருக்கு நிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ஒதுக்கப்பட்டது. யூதத் தலைமை அதை ஏற்றது. அரபுத் தரப்பு மறுத்தது. இந்தியாவும் அப்போது அந்தத் திட்டத்துக்கு எதிராகவே வாக்களித்தது. 1948 மே 14 அன்று இஸ்ரயேல் நாடு பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன.

அந்தப் போர்க் காலத்தில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனியர்கள் விரட்டப்பட்டோ அஞ்சி ஓடியோ வீடிழந்தார்கள். அவர்கள் ஊர் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. சில நாட்களில் வந்துவிடலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தச் சாவியை இன்றும் வைத்திருக்கிறார்கள். அதன் பின் வந்த ஆண்டுகளில் அரபு நாடுகளில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்களும் லட்சக்கணக்கில் வீடிழந்து இஸ்ரயேலுக்கு வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த நாளை இஸ்ரயேலர் விடுதலை நாள் என்கிறார்கள். பாலஸ்தீனியர் அதை நக்பா, அதாவது பேரழிவு, என்று மே 15 அன்று துக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். மரக்காணத்தில் நாம் கண்ட அதே பூட்டுதான் இங்கும் தொங்குகிறது: ஒரே நிகழ்வு, இரண்டு நினைவுகள்.

மோதல் வளர்ந்த வழி

1967 ஜூனில் ஆறு நாள் போர் நடந்தது. மேற்குக் கரை, கிழக்கு எருசலேம், காசா, கோலான் குன்றுகள், சினாய் ஆகியவற்றை இஸ்ரயேல் கைப்பற்றியது. எகிப்தோடு 1979-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சினாய் திருப்பித் தரப்பட்டது. மேற்குக் கரை படை ஆட்சியின் கீழ் தொடர்ந்தது. அங்கே யூதக் குடியேற்றங்கள் எழுந்தன. கிழக்கு எருசலேமைச் சேர்க்காமலேயே குடியேறியவர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம், இந்த ஆக்கிரமிப்பு சட்டத்துக்கு முரணானது என்று தன் ஆலோசனைக் கருத்தில் கூறியது.

1987-இல் முதல் இன்டிஃபாடா எனப்படும் மக்கள் எழுச்சி தொடங்கியது. 1993 செப்டம்பர் 13 அன்று இஸ்ரயேல் பிரதமர் இட்சாக் ரபினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அரஃபாத்தும் வாஷிங்டனில் கைகுலுக்கினார்கள். ஓஸ்லோ உடன்பாடு எனப்படும் அந்த முயற்சியால் உலகமே நம்பிக்கை கொண்டது. 1995 நவம்பர் 4 அன்று ரபின் கொல்லப்பட்டார். கொன்றவர் ஒரு யூதத் தீவிரவாதி. மறுபுறம், ஹமாஸ் இயக்கத்தின் தற்கொலைத் தாக்குதல்கள் இஸ்ரயேல் பேருந்துகளிலும் கடைவீதிகளிலும் பொதுமக்களைக் கொன்றன. சமாதானத்துக்கு அஞ்சியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

2000-இல் இரண்டாம் எழுச்சி வெடித்தது. 2002-இல் பெத்லகேமில் பிறப்பு ஆலயமே 39 நாட்கள் முற்றுகையில் இருந்தது. அதே ஆண்டு இஸ்ரயேல் தடுப்புச் சுவரை எழுப்பத் தொடங்கியது. தற்கொலைத் தாக்குதலைத் தடுக்கும் வேலி என்றது இஸ்ரயேல். எங்கள் நிலத்தையும் வாழ்வையும் கூறு போடும் சுவர் என்றனர் பாலஸ்தீனியர். 2005-இல் இஸ்ரயேல் காசாவிலிருந்து தன் குடியேற்றங்களை அகற்றியது. 2006-இல் ஹமாஸ் தேர்தலில் வென்றது. 2007-இல் காசாவை முழுமையாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அதன்பின் காசா முற்றுகைக்குள் வாழ்ந்தது.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரயேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றது. சுமார் 250 பேரைப் பிணைக் கைதிகளாக இழுத்துச் சென்றது. அதைத் தொடர்ந்து இஸ்ரயேல் காசாமீது நடத்திய போரில் 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் காசா சுகாதாரத் துறை பதிவு செய்துள்ளது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகள். ஊர்கள் இடிபாடுகளாயின, மக்கள் பசியில் வாடினர். 2025 ஜனவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தம் மார்ச் மாதம் முறிந்தது. 2025 அக்டோபரில் மீண்டும் ஒரு போர்நிறுத்தம் ஏற்பட்டு, உயிரோடு எஞ்சியிருந்த பிணைக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். பாலஸ்தீனச் சிறைவாசிகளும் பெருந்தொகையாக விடுவிக்கப்பட்டார்கள்.

நம் சகோதரர் அங்கே இருக்கிறார்கள்

இந்த மோதலில் கிறிஸ்தவருக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள், காசா நகரின் திருக்குடும்ப ஆலயத்தை அறிய வேண்டும். காசாவில் உள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கு அது. அங்குள்ள இறைமக்கள் அரபு மொழியில் செபிக்கும் பாலஸ்தீனியர்கள். போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கானோர் அந்த ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 2023 டிசம்பரில் அந்த வளாகத்துக்குள் ஒரு தாயும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2025 ஜூலை 17 அன்று ஆலயத்தின்மீது குண்டு விழுந்து மூவர் இறந்தனர். பங்குத்தந்தை கபிரியேல் ரொமனெல்லியும் காயமுற்றார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், போர் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் அந்தப் பங்குக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவந்தார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரை அந்த அழைப்பு போயிற்று. சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கும் ஒரு தந்தையின் அழைப்பாகவே அது இருந்தது. அமைதிப் பணி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

திருஅவை சொல்வது என்ன?

முதலாவதாக, யூத வெறுப்புக்குத் திருஅவையில் இடமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கை, இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் அனைவரையும் குற்றவாளிகளாக்கும் பழைய போக்கைக் கைவிட்டு, யூத வெறுப்பைக் கண்டித்தது. இஸ்லாமியரையும் மதிப்போடு நோக்க அதே அறிக்கை கற்பித்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எருசலேமின் மேற்குச் சுவரில், யூதருக்குக் கிறிஸ்தவர் இழைத்த துன்பங்களுக்காக மன்னிப்பு வேண்டும் செபத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதி வைத்தார்.

இரண்டாவதாக, இன்றைய இஸ்ரயேல் அரசைப் பழைய ஏற்பாட்டு வாக்குறுதியின் நிறைவேற்றமாகத் திருஅவை பார்ப்பதில்லை. மற்ற நாடுகளைப் போலவே அதையும் பன்னாட்டுச் சட்டத்தின் அடிப்படையில் பார்க்கிறது. திருப்பீடம் 1993 டிசம்பர் 30 அன்று இஸ்ரயேலோடு அடிப்படை ஒப்பந்தம் செய்துகொண்டது. 2015-இல் பாலஸ்தீன நாட்டோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. இரு மக்களும் பாதுகாப்பான எல்லைகளுக்குள் இரு நாடுகளாக வாழ வேண்டும், எருசலேமின் தனித்தன்மை காக்கப்பட வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. நம் நாடும் 1988-இல் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. 1992-இல் இஸ்ரயேலோடு முழுத் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது.

மூன்றாவதாக, 2002-ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியில் இரண்டாம் யோவான் பவுல் தந்த பாடம். நீதியில்லாத அமைதி நிலைக்காது. மன்னிப்பில்லாத நீதியும் நிறைவு பெறாது என்று அவர் எடுத்துக்காட்டினார். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது எளிது. பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பை மட்டும் எதிர்பார்ப்பவர் அநீதியைக் காப்பாற்றுகிறார். மன்னிப்பை முற்றிலும் மறுப்பவர் அடுத்த தலைமுறைக்கும் போரை எழுதி வைக்கிறார்.

அமைதிக்கு வழி உண்டா?

எளிதான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குடியேற்றங்கள் பெருகப் பெருக இரு நாடுகள் என்ற தீர்வுக்கான நிலம் சுருங்குகிறது. இரு தரப்பிலும் மற்றவரின் இருப்பையே மறுப்பவர்களின் குரல் ஓங்கியிருக்கிறது. போர்நிறுத்தம் என்பது துப்பாக்கியின் மௌனம். அது சமாதானத்துக்கான வாசலே தவிர, வீடு அல்ல.

ஆனாலும் நம்பிக்கைக்குக் காரணங்கள் உண்டு. 1973-இல் கடும் போர் புரிந்த எகிப்தும் இஸ்ரயேலும் ஆறே ஆண்டுகளில் உடன்படிக்கை செய்துகொண்டன; அந்த உடன்படிக்கை முறியவில்லை. 1994-இல் யோர்தானும் அதே வழியில் வந்தது. 2025 செப்டம்பரில் பிரித்தானியா, பிரான்சு, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகள் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தன. பால்ஃபர் அறிக்கை தந்த அதே பிரித்தானியா, 108 ஆண்டுகளுக்குப் பின் மறுதரப்பின் உரிமையையும் ஏற்றது.

இவற்றைவிட ஆழமான நம்பிக்கை சாதாரண மக்களிடமிருந்து வருகிறது. 1995-இல் தொடங்கப்பட்ட 'பெற்றோர் வட்டம்' என்ற அமைப்பில், இந்த மோதலில் தம் குடும்பத்தினரை இழந்த இஸ்ரயேலரும் பாலஸ்தீனியரும் ஒன்றாக அமர்கிறார்கள். மகளை இழந்த இஸ்ரயேல் தந்தையும், மகளை இழந்த பாலஸ்தீனத் தந்தையும் பள்ளிகளுக்குச் சென்று சேர்ந்தே பேசுகிறார்கள். தொமினிக்கன் சபைத் துறவி புரூனோ ஹுசார் தொடங்கி வைத்த ஓர் ஊரில் யூதரும் பாலஸ்தீனியரும் விரும்பியே அருகருகே வாழ்கிறார்கள். அந்த ஊரின் பெயர் எபிரேயத்தில் நேவே ஷாலோம், அரபியில் வாஹத் அல்-சலாம். இரண்டுக்கும் சமாதானத்தின் சோலை என்ற பொருள் சொல்லலாம். 2024 மே 18 அன்று வெரோனா நகரில், அக்டோபர் 7 தாக்குதலில் பெற்றோரை இழந்த இஸ்ரயேலரான மாவோஸ் இனோனும், இஸ்ரயேல் படையினரால் அண்ணனை இழந்த பாலஸ்தீனியரான அசீஸ் அபு சாராவும் ஒன்றாக மேடையேறினார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

இவர்கள் யாரும் தம் காயத்தை மறந்தவர்கள் அல்லர். தம் மக்களின் உரிமையை விட்டுக்கொடுத்தவர்களும் அல்லர். அடுத்தவர் நினைவுக்கும் தங்கள் வீட்டில் ஒரு நாற்காலி போட்டவர்கள். அரசியல் தீர்வு என்றாவது வந்தால், அதைத் தாங்கி நிற்கப் போகிறவர்கள் இவர்களே.

நம் வீட்டுச் சுவர்

2014 மே 25 அன்று பெத்லகேமில், திருத்தந்தை பிரான்சிஸ் திட்டத்தில் இல்லாதபடி வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தத் தடுப்புச் சுவரில் கை வைத்துச் செபித்தார். அந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்த நாம், நம் சுவர்களில் கை வைத்ததுண்டா?

புதுவை சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் தலித் கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் தலித் கிறிஸ்தவர்கள் குருக்களிடம் சென்று நியாயம் கேட்டபின் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. கல் சுவர் விழுந்தது. மனச் சுவர் விழவில்லை. 2008 மார்ச் மாதம் நம் புதுவை, கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், ஒரே நற்கருணையை உண்ணும் வன்னியக் கிறிஸ்தவருக்கும் தலித் கிறிஸ்தவருக்கும் இடையே மோதல் மூண்டது. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டிருந்தார்கள். மார்ச் 9 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தனர். கல்வாரிக்குப் போகும் பாதையைத் தவக்காலம் தோறும் தியானிக்கும் நம் ஊர்களில், சவப்பெட்டி எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பது இன்னும் சண்டைக்குரிய கேள்வியாக இருந்திருக்கிறது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் இனத்தவருக்கான உரிமைகளை இழந்தார்கள். அந்த நாளைத் திருஅவை துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறது. அரசிடம் நாம் கேட்கும் நீதியை, நம் பங்குப் பேரவையிலும் கல்லறைத் தோட்டத்திலும் திருவிழாத் தேர் செல்லும் பாதையிலும் நாமே தருகிறோமா? தராவிட்டால், புனித நாட்டுக்காக நாம் சொல்லும் மன்றாட்டு யாருடைய செவியை எட்டும்?

ஒருவேளை, தொலைவில் நடக்கும் சண்டையில் நாம் இவ்வளவு வேகமாகப் பக்கம் எடுப்பதற்குக் காரணம், நம் ஊரில் அதைப் பழகியிருப்பதுதானோ? நம்மவர் இறந்தால் தியாகி. மற்றவர் இறந்தால் செய்தி. இந்தப் பழக்கத்தோடு காசாவைப் பார்த்தாலும் இஸ்ரயேலைப் பார்த்தாலும், அங்கே நாம் காண்பது நம் முகத்தைத்தான்.

உப்பின் உடன்படிக்கை

மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், இயேசு உப்பையும் சமாதானத்தையும் ஒரே மூச்சில் இணைத்துப் பேசுகிறார். தங்களுக்குள் யார் பெரியவர் என்று வழிநெடுகச் சண்டையிட்டு வந்த சீடர்களுக்குத்தான் அந்த அறிவுரை. எண்ணிக்கை நூல் 18-ஆம் அதிகாரமோ, முறியாத உடன்படிக்கையை உப்பின் உடன்படிக்கை என்று அழைக்கிறது. ஒரே உப்பைச் சேர்ந்து உண்டவர் ஒருவரையொருவர் கைவிடக் கூடாது என்பது அந்த நாட்டு மக்களின் உணர்வு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மரக்காணத்து உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரப்பு உண்டு. வரப்பு இல்லாமல் உப்பு விளையாது; ஆனால் எல்லாப் பாத்தியிலும் நிற்பது ஒரே கழிமுக நீர். இரு மக்களுக்கு எல்லைகள் தேவைப்படலாம். ஒரு பக்கம் நீரையே மறிப்பதற்கு அந்த எல்லை பயன்படக் கூடாது. இது அங்கும் பொருந்தும், இங்கும் பொருந்தும்.

வரும் பெரிய வெள்ளியன்று காணிக்கை போடும் முன், நம் தெருவுக்கு அப்பால் வாழும் ஒருவரிடம் சென்று அமர்வோம். அந்த 2013-ஆம் ஆண்டு நாளில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்போம். குறுக்கே பேசாமல் கேட்போம். அந்தப் பத்து ரூபாயோடு இதுவும் எருசலேமுக்குப் போய்ச் சேரும்.

அன்பியங்களில் சிந்திக்க:

1. புனித நாட்டு மோதல் பற்றி நாம் பகிரும் செய்திகளில், இரு மக்களின் துயரும் இடம் பெறுகிறதா? ஒரு தரப்பை மட்டும் வெறுக்கத் தூண்டும் செய்தியை நாம் என்ன செய்கிறோம்?

2. நம் பங்கில் இன்னும் நிற்கும் சுவர்கள் எவை? கல்லறை, தேர்ப்பாதை, பாடகர் குழு, பங்குப் பேரவை ஆகியவற்றில் எல்லாருக்கும் சம இடம் உண்டா?

3. நம் ஊரின் மோதல் நினைவுகளில், மறுதரப்பிடம் நாம் இதுவரை கேட்காத கதை எது?

செபிப்போம்:

அமைதியின் அரசராகிய ஆண்டவரே, உம் பாதம் பட்ட மண்ணில் அழும் தாய்மார் அனைவரையும் நினைத்தருளும். எபிரேயத்தில் அழுபவரும் அரபியில் அழுபவரும் உமக்கு ஒன்றே. எங்கள் கரையில் எரிந்த வீடுகளையும் அணைந்த உயிர்களையும் உம் கையில் வைக்கிறோம். நீதிக்கு அஞ்சாத மனதையும், மன்னிக்கத் தயங்காத மனதையும் எங்களுக்குத் தாரும். ஒருவர் மற்றவரின் நினைவுக்குச் செவி கொடுக்கும் உப்பின் மக்களாக எங்களை மாற்றும். ஆமென்.